பரிசோதனை மேஜையில் ஒரு வாரம்

காலை ஏழே முக்கால் மணி. திரும்பி வந்த பம்புகள் நூற்றுப் பதினாறு. அவற்றைச் செய்து அனுப்பியவர் பெயர் சென்னியப்பன்.

கோவை கணபதியில் தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலை அவருடையது. வயது ஐம்பத்தெட்டு. அன்று, ஜூன் 8, திங்கட்கிழமை, அவர் வேதநாயகியின் அலுவலகத்துக்குப் போனார்.

வேதநாயகிக்கு வயது முப்பத்தொன்பது. பத்து வருடம் பரிசோதனை மேஜையில் வேலை பார்த்தவர். இப்போது தள்ளாடும் தொழிற்சாலைகள் ஆலோசனை கேட்டு அவரைத் தேடி வருகின்றன. அதிகம் பேசமாட்டார் என்பது அவர் மேல் உள்ள ஒரே புகார்.

"மேடம், பம்பு கசியுது."

"எங்கே?"

"தண்டு சுத்தற இடத்துல. எல்லாம் அதே இடம். அடுத்த லாட்ல ஒண்ணு கசிஞ்சாலும் ஆர்டர் கிடையாதுன்னு பெங்களூர்க்காரங்க எழுதிட்டாங்க. நாங்க விக்கறதே அவங்க ஒருத்தருக்குத்தானுங்க. நின்னா, அறுபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பணும்."

சென்னியப்பன் கோப்பு ஒன்றை மேஜை மேல் வைத்தார். தர மேம்பாட்டுத் திட்டம். நூற்று நாற்பது பக்கம். நாற்பத்தொரு நடவடிக்கைகள்.

"எத்தனை நாளா எழுதினீங்க?"

"நாலு மாசமா."

"எங்கே உட்கார்ந்து?"

"என் ரூம்லதான்."

வேதநாயகி முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் நடவடிக்கை: பரிசோதகர் ருக்குமணியை வேலையிலிருந்து நீக்குதல்.

"ருக்குமணி யாரு?"

"கடைசியா தண்டை அளந்து பாஸ் பண்றது அந்தம்மாதான். பதினாறு வருஷமா இருக்குது. கண்ணு மங்கிடுச்சு போல."

"கேட்டீங்களா?"

"எதை?"

"கண்ணு மங்கிடுச்சான்னு."

சென்னியப்பன் கூரையைப் பார்த்தார்.

"கிளம்பலாம்," என்றார் வேதநாயகி. கோப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

தொழிற்சாலையில் ருக்குமணியின் மேஜை உயரமானது. பக்கத்தில் இருந்த ஸ்டூல் குட்டை. வேதநாயகி ஸ்டூல் மேல் கோப்பை வைத்தார்.

"உட்காருங்க."

"மேடம், அது திட்டம்."

"தெரியும். உயரம் சரியா இருக்கும்."

சென்னியப்பன் உட்கார்ந்தார். உயரம் சரியாகத்தான் இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வாரம். போன் கூடாது. அதட்டக் கூடாது. பேசவே கூடாது."

"அப்புறம் நான் என்னதான் செய்யறது?"

"பாருங்க."

வேதநாயகி போய்விட்டார்.

ருக்குமணியின் கையில் தண்டின் தடிமனை அளக்கும் இரும்பு கேஜ் ஒன்று. அதற்கு இரண்டு வாய். பச்சை வாய்க்குள் தண்டு நுழைய வேண்டும். சிவப்பு வாய்க்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் அது மெலிந்த தண்டு. கழித்துவிட வேண்டும். மெலிந்த தண்டு பம்புக்குள் போனால் தண்ணீர் கசியும்.

திங்கட்கிழமை எண்பது தண்டுகளில் ஒன்பது கழிந்தன. செவ்வாய், பதினொன்று. புதன், எட்டு. வியாழன், பத்து.

தண்டு கடையும் லேத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மொதலாளி அங்க என்னடா பண்றாரு?"

"புது அப்ரண்டீஸ். பேசாம வேலையைப் பாரு, உன் இடத்துக்கு வந்துடப் போறாரு."

சென்னியப்பனுக்குக் காதில் விழுந்தது. பேசக் கூடாது. உட்கார்ந்திருந்தார்.

ருக்குமணியின் கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்பதை அவர் புதன்கிழமையே கவனித்துவிட்டார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. அதை எப்போதும் முதலாளியே செய்வார். தை மாதத்தில் வியாபாரம் தளர்ந்தபோது, அதுவரை இயந்திரங்களுக்கு மட்டும் வைத்த பொட்டை எல்லாவற்றுக்கும் வைக்கத் தொடங்கியிருந்தார். தராசுக்கு. சுத்தியலுக்கு. தண்ணீர் டிரம்முக்கு.

கேஜ் ஆணியில் தொங்கியது, சிவப்பு வாய் மேலே. சந்தனம் தொட்ட விரலை அதில் வைத்து அழுத்தினார். குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். பிறகு ஸ்டூலுக்குத் திரும்பினார்.

மதியம் நாற்பது தண்டுகள் மேஜைக்கு வந்தன. ருக்குமணி ஒவ்வொன்றாக அளந்தார்.

ஒன்றுகூடக் கழியவில்லை.

சென்னியப்பனால் அடக்க முடியவில்லை. நான்கு நாள் விரதம் முறிந்தது.

"பாத்தியாம்மா! நாப்பதும் பாஸ். பூஜைக்குப் பலன் இல்லாம போகுமா?"

ருக்குமணி கேஜைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி கேஜைப் பார்த்தார்.

சென்னியப்பனும் பார்த்தார்.

சிவப்பு வாயின் உள்விளிம்பில் சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது.

அவர் ஒரு தண்டை எடுத்து அந்த வாயில் வைத்தார். நுழையவில்லை. அடுத்தது. அதுவும் நுழையவில்லை. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். துடைத்தார். நாற்பதையும் திரும்ப அளந்தார்.

ஐந்து தண்டுகள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின.

"ருக்குமணி."

"சொல்லுங்க."

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்ப இருந்து?"

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து."

"ஏம்மா தொடைக்கலை?"

"ஒருக்கா தொடைச்சேனுங்க. மொதலாளி வெச்ச பொட்டுல கை வெக்கறியான்னு சூப்பர்வைசர் அண்ணன் சத்தம் போட்டாரு. திங்கக்கிழமை மண்ணெண்ணெய்ல எல்லாத்தையும் கழுவறப்பத்தான் போகும்."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"வந்தேனுங்க. நாலு தடவை. ரூம் கதவுல எழுதி ஒட்டியிருந்தீங்க."

"என்னன்னு?"

"தர மேம்பாட்டுப் பணி நடக்கிறது, தொந்தரவு செய்யாதீர்னு."

லேத் ஒன்று நின்றது. அதை ஓட்டியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஐந்து மாதத்தில் அந்தக் கூரைக்குக் கீழே அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாலை, திரும்பி வந்த பம்புகளின் அடியில் குத்தியிருந்த தயாரிப்புத் தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நூற்றுப் பதினாறும் வெள்ளி அல்லது சனி.

அடுத்த திங்கட்கிழமை வேதநாயகி ருக்குமணியின் மேஜைக்கு வந்தார். சென்னியப்பன் நடந்ததைச் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இனிமே பூஜை போடக் கூடாதுங்களா, மேடம்?"

"ஏன்? நல்லாப் போடுங்க. கேஜுக்குக் கைப்பிடின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ருக்குமணி பேரை அடிச்சுட்டேன்."

"சரி."

"மீதி நாப்பதையும் அடிச்சுட்டேன். புதுசா எழுதலாமுங்களா?"

"எழுதுங்க."

சென்னியப்பன் வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"முதல் வரி என்னன்னு எழுதட்டும்?"

வேதநாயகி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அதை ருக்குமணியிடம் கொடுத்தார்.

ஆகஸ்ட் 19, புதன்கிழமை, அடுத்த லாட் பெங்களூருக்குப் போனது. நானூற்றெண்பது பம்புகள். ஒன்றும் கசியவில்லை என்று செப்டம்பர் 11 அன்று கடிதம் வந்தது. ஆர்டர் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.