பூரணத்தம்மாளின் வயிற்றுவலி

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அதன் கோடியில் சின்ன மடம். பூரணத்தம்மாள்தான் அங்கே குரு. அவருக்கு ஒரே சீடர், நயினார். லாரி புக்கிங் ஆபீஸில் இருந்துவிட்டு, ஐம்பது வயதில் ஞானம் தேடி வந்தவர். ஞானம் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனால் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது அத்துபடி.

ஒருநாள் காலை அதே தெருச் செண்பகம் வந்தாள். கூடவே எட்டு வயது மகள் முத்தரசி. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் மாட்டாள்.

"இனிமே பிள்ளையைக் கூட்டிட்டு வராதீங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க அண்ணாச்சி. இவளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கயாவது ஆள் இருக்காங்களா?"

நயினாருக்கு உற்சாகம் பொங்கியது. "சென்னையில ஒரு இடம் இருக்கு. சரிவரலைன்னா பெங்களூரு. அதுவும் இல்லன்னா ஹைதராபாத்."

"மதுரைக்கே போக முடியலை. பஸ்ஸுல ஒரே அலறல். பாதி வழியில எறக்கி விட்டுட்டாங்க."

"அப்ப ரயில்ல போலாமே?"

செண்பகத்தின் கண் கலங்கியது. நயினார் உள்ளே ஓடினார்.

"அம்மா, அந்தப் பிள்ளைக்கு உதவி எங்க கிடைக்கும்?"

பூரணத்தம்மாள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "நயினாரு, எனக்கு வயித்துவலி. தெருவுல போய்ச் சொல்லிட்டு வா."

"அம்மா, முறுக்கு..."

"தாங்க முடியாத வலி" என்று இன்னொன்றை எடுத்தார்.

நயினார் நடுத்தெருவில் நின்று, "குருமாதாவுக்குத் திருமேனி நலமில்லை" என்று அறிவித்தார். ஒரு நாய் மட்டும் நின்று பார்த்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு வயித்துவலி!" என்று கத்தினார்.

அவர் திரும்பி வருவதற்குள் மடம் நிறைந்துவிட்டது. ஓமத் தண்ணீரோடு செண்பகத்தின் எதிர்வீட்டு ஜெயராணி. பெருங்காயத்தோடு மாவு மில்காரர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோவை வாசல்படி வரை கொண்டுவந்துவிட்டார் பீர்முகமது. குறுக்கே போன நயினாருக்கும் யாரோ ஒரு மடக்கு இஞ்சிச் சாறு புகட்டிவிட்டார்கள்.

"வலி விட்டுட்டுது. வந்தது வந்தீங்க, உட்காருங்க" என்றார் பூரணத்தம்மாள். பிறகு செண்பகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு."

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். மகளை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். பக்கத்தில் மகள் இல்லை.

வாசலில் பாம் பாம் என்று சத்தம். முத்தரசி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தெருவே திரும்பிப் பார்த்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? செண்பகம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெயராணி ஓமத் தண்ணீரைக் கீழே வைத்தாள். "என் மகனும் இப்படித்தான்க்கா. பஜார்ப் பக்கம் கவர்மெண்ட் ஸ்கூல் இருக்குல்ல, அங்க வியாழக்கிழமை இந்தப் பிள்ளைகளுக்குன்னே ஒரு டீச்சர் வாராங்க. இப்பல்லாம் பசிச்சா அவனே தட்டைக் கொண்டாந்து நீட்டுறான்."

"இங்கயா? நம்ம ஊர்லயா? எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"உங்க ஜன்னலும் சாத்தியே கிடந்தது, எங்க ஜன்னலும் சாத்தியே கிடந்தது. யார் யாருக்குச் சொல்ல?"

செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பிள்ளைகளையும் நான் கொண்டுபோய் விடுறேன்" என்று பீர்முகமது ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தினார். "முதல்ல பாப்பாவைக் கையை எடுக்கச் சொல்லுங்க!"

"நாளைக்குப் பாப்பாவோட பள்ளிக்கூடத்துக்கு நாங்களும் வாரோம்" என்றார் மில்காரர். "வராதேன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லட்டும்."

மறுநாள் தெருவே திரண்டு வந்து நின்றதைப் பார்த்த தலைமையாசிரியை, உட்கார நாற்காலி போதாது என்றார். பிறகு, பிள்ளை வரட்டும் என்றார்.

அன்று மாலை நயினார் மெல்லக் கேட்டார். "அம்மா, வயித்துவலின்னது பொய்தானே?"

"பொய்தான்."

"குருவே பொய் சொல்லலாமா?"

"அவளுக்குத் தன் வலியைத் தெருவுல சொல்ல வாய் வரலை, நயினாரு" என்றார் பூரணத்தம்மாள். "அதான் என் வயித்தை இரவல் கொடுத்தேன்."