வலப்பக்க நாற்காலி

சுடலைமுத்து அந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்தவரே அல்ல. மகளைக் காரில் கொண்டுவந்து விட வந்தவர்.

அமெரிக்காவில் அதைக் கம்யூனிட்டி காலேஜ் என்பார்கள். குறைந்த செலவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்துக்கு மாறிக்கொள்ளலாம். மகள் இசக்கி அப்படித்தான் கணினி அறிவியலில் சேர்ந்தாள். அப்பா சமையல் வேலை பார்த்த ஓட்டலை அப்போதுதான் மூடியிருந்தார்கள். நாலு மணி நேரம் வண்டிக்குள் குறட்டை விடுவதற்குப் பதில் உள்ளே வந்து உட்காரலாமே என்று அவரையும் இழுத்துப் போட்டாள். நாற்பத்தெட்டு வயதில் மனுஷர் கல்லூரி மாணவரானார்.

கணினி ஆசிரியை கோமதிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. இருவருக்கும் சொந்த ஊர் வள்ளியூர் என்பதால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கோமதி வகுப்பில் இரண்டிரண்டு பேராகத்தான் நிரல் எழுத வேண்டும். இடப்பக்கம் இருப்பவர் தட்டச்சு செய்வார். வலப்பக்கம் இருப்பவர் யோசித்துச் சொல்வார். மேசையில், திருகி நேரம் வைக்கும் மணி ஒன்று இருக்கும், சுடலைமுத்து பழைய ஓட்டல் அடுப்படியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் அது அடித்ததும் இருவரும் இடம் மாறியாக வேண்டும்.

அப்பாவும் மகளும் மட்டும் ஒரு நாளும் மாறியதில்லை. மணி அடித்தால் இசக்கி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கிவிடுவாள். அவள் சொல்வாள், அவர் அடிப்பார். கோமதி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

மார்ச் மாதம் இசக்கிக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபது வயது.

பதினாறு கழிந்து சுடலைமுத்து வகுப்புக்கு வந்தார். இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டிருப்பார். ஓர் எழுத்தும் அடிக்கமாட்டார். வலப்பக்க நாற்காலியில் அவருடைய பை இருக்கும். வேறு யாரும் அதில் உட்காருவதை அவரால் தாங்க முடியாது.

ஏப்ரல் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. காய்ச்சலுக்கு முன்பே இசக்கி இருவருக்கும் சேர்த்து விண்ணப்பித்திருந்தாள். அப்பா, மகள் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. இசக்கி இல்லை என்று பல்கலைக்கழகத்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பதில் எழுத வேண்டிய கடைசி நாளன்று காலையில் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கோமதி மட்டும் இருந்தார்.

“அவளுக்கு வந்ததுக்கு, அவ இல்லைன்னு நேத்தே எழுதிட்டேன் டீச்சர். எனக்கு வந்ததையும் வேண்டாம்னு எழுதணும். எப்படி எழுதணும்னு சொல்லுங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“நான் வெறும் விரலுதான். யோசிச்சது பூராவும் அவ. அவ சம்பாதிச்ச எடத்துல நான் போயி எப்படி உக்காருவேன்?”

கோமதி எழுந்துபோய்ப் பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஒரு பெட்டிக்குள் பல பெட்டிகள், அவற்றுக்குள்ளும் பெட்டிகள். மொத்தம் எத்தனை என்று எண்ண நிரல் வேண்டும். மணியைத் திருகி மேசையில் வைத்தார்.

சுடலைமுத்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கை விசைப்பலகைமேல் இருந்தது. இரண்டொரு தடவை வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வேறொன்றும் நடக்கவில்லை. மணி அடித்தது.

“இடம் மாறணும்,” என்றார் கோமதி.

“அது அவ எடம் டீச்சர்.”

“தெரியும். மாறுங்க.”

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். கோமதி இடப்பக்கம் அமர்ந்து, விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தார்.

அவர் பலகையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

“மொதல்ல நிரலு எங்க நிக்கணும்னு எழுதுங்க. இல்லாட்டி நிக்காம ஓடிக்கிட்டே கெடக்கும்.”

கோமதி அடித்தார். “அப்புறம்?”

“உள்ள ஒரு பெட்டி இருந்தா, அதுகிட்டயும் இதே கேள்வியக் கேளுங்க. அது சொல்லுதத நம்பி வாங்கிக்கோங்க. உள்ள எட்டிப் பாக்காதீங்க.”

சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னார். ஓரிடத்தில் கோமதி தப்பாக அடித்தபோது, “அதுக்கு மேல வரி” என்று திரையைத் தொட்டுக் காட்டினார்.

நிரல் ஓடியது. எண்ணிக்கை சரியாக வந்தது.

சுடலைமுத்து சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதுல ஒண்ணுகூட என் வார்த்தை இல்ல டீச்சர். அம்புட்டும் அவ சொன்னது.”

கோமதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“சரி அண்ணாச்சி. அவ சொன்னது இப்ப வேற யார்கிட்ட இருக்கு?”

சுடலைமுத்து மடியிலிருந்த பையை இறக்கித் தரையில் வைத்தார். அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.