மணிப்பாறையில் பட்ட இரும்பு

இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஜவ்வாது மலைப் பாறைகளைப் பற்றி இருபது வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துபவர் பூங்கோதை. பாறைக்குப் புத்தகம் வைத்த பெயரோடு மலைக்காரர்கள் வைத்த பெயரையும் சேர்த்தே சொல்லித் தருவார். அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்னவர் மலையூர்க்காரர் சடையன். மணிப்பாறையைக் காட்டியபோது அவர் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டார்.

"இது எங்க அம்மன் இருக்கிற பாறை டீச்சரம்மா. இரும்பு மட்டும் படக்கூடாது. பட்டுச்சுன்னா வெளியாளு யாரையும் ஊரு மேல விடாது."

பூங்கோதை வாக்குக் கொடுத்தார்.

இந்த வருடம் வகுப்பில் நிறைமதி சேர்ந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவளால் மலையேற முடியாது, பாறையே அவள் கைக்கு வரட்டும் என்று பூங்கோதை நினைத்தார். சடையன் தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போன நேரம் பார்த்துச் சுத்தியலை எடுத்தார். ஒரே தட்டு. உடைந்த துண்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினார்.

"கீழே கிடந்தது" என்று சொல்லித்தான் கல்லைக் கொடுத்தார். நிறைமதி விரலால் தடவிப் பார்த்தாள்.

"மேடம், மத்த பக்கமெல்லாம் வெயில் மழையில தேஞ்சிருக்கு. இந்தப் பக்கம் கையைக் கிழிக்குது. இது உடைச்ச கல்லு. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?"

பூங்கோதையால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லி, "வெளிய சொல்லிடாதம்மா, மலையே நமக்கு இல்லாம போயிடும்" என்று கெஞ்சினார்.

நிறைமதி கேட்கவில்லை. மறுவாரம் தோழியின் தோளைப் பிடித்து மலையேறி, சடையன் கையில் கல்லை வைத்து, அவரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டு இறங்கினாள். விஷயம் தெரிந்து பின்னாலேயே பூங்கோதை மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஊர் கூடியிருந்தது. சடையன் கையில் இருந்த கல்லையும் பாறையில் புது வடுவையும் பார்த்துக் கொதித்துப்போயிருந்தார்கள்.

சடையன் எழுந்தார். "காட்டுத்தீ சூட்டுல வெடிச்சு விழுந்திருக்கு. நான்தான் எடுத்து வெச்சேன்."

ஊர் நம்பியது. பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டார்.

பார்வையற்ற பெண் படிக்க வேண்டும் என்று வாக்கை மீறினார் பூங்கோதை. ஆசிரியை கெஞ்சியும் உண்மையைச் சொன்னாள் நிறைமதி. பிள்ளைகளுக்கு மலை மூடிவிடக் கூடாதென்று சொந்த ஊரிடமே பொய் சொன்னார் சடையன். இதில் யார் செய்தது சரி?

விடை: நிறைமதி செய்ததே சரி. பூங்கோதை நல்லதைத்தான் நினைத்தார். ஆனால் ஏற முடியுமா என்று அவளைக் கேட்கவில்லை, எடுக்கலாமா என்று சடையனையும் கேட்கவில்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம். "நான்தான் உடைத்தேன்" என்று அன்று ஊர் முன்னால் அவர் முந்திக்கொண்டு வாயைத் திறந்திருந்தால் சடையன் பொய்யராகியிருக்க மாட்டார். வகுப்பு இப்போதும் மலைக்குப் போகிறது. சடையன்தான் முன்னால் நடக்கிறார். பூங்கோதையால்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.