அடியில்லாக் கூண்டு

முருகனுக்கு நேர்ந்துவிட்ட கோழிகளை ஊர்க்காரர்கள் மடத்தில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே அவற்றை யாரும் அறுப்பதில்லை. அவை கீரைப்பாத்தியைக் கிளறித் தின்று வளர்ந்தன.

மடத்தை நடத்தியவர் மங்கையம்மா. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மூத்த சீடர் பூமிநாதனுக்கு அவருடைய அப்பா வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கியது.

தைப்பூசம் நெருங்கியது. ஒவ்வொரு வருடமும் மடத்திலிருந்து ஒரு கூட்டம் பழனிக்கு நடந்துபோகும். மங்கையம்மா வேல் பிடித்து முன்னால் போவார். இந்த முறை அவருடைய குதிகாலில் வெடிப்பு புண்ணாகிப் பெரிய கட்டுப் போட்டிருந்தது.

பூமிநாதன் கேட்டார். "அம்மா, வெள்ளிக்கிழமை கூட்டத்தை நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

"நான் வேகமா நடப்பேம்மா. நான் நடந்தா எல்லாரும் நடப்பாங்க."

மங்கையம்மா கீரைப்பாத்தியைப் பார்த்தார்.

"கோழிக்கு ஒரு கூண்டு பண்ணுங்க, வாத்தியாரே. ஒரு ஆள் இழுத்தா நகரணும். தினமும் புதுப் புல்லுக்கு மாத்தணும். கீழே அடி வேண்டாம். அதுங்க மண்ணைக் கிளறட்டும்."

"யாத்திரை?"

"முதல்ல இதுங்களைக் கூட்டிட்டுப் போங்க."

பூமிநாதன் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை வாங்கி வந்தார். அறுத்து, மூலைகளில் பசை தடவிப் பூட்டினார். நான்கு பக்கமும் கோழிவலையைக் கம்பியால் கட்டினார். மேலே நிழலுக்கு ஒரு பழைய பிளெக்ஸ் பேனர். யாருடைய காதுகுத்துக்கோ அடித்தது. அதில் ஒரு மொட்டைக் குழந்தை தலைகீழாகச் சிரித்தது. முன்குழாயில் நைலான் கயிறு கட்டியதும் வேலை முடிந்தது.

தூக்கிப் பார்த்தார். காற்று மாதிரி இருந்தது.

மறுநாள் காலை விசில் ஊதிவிட்டு இழுத்தார். கூண்டு புல்மேல் வழுக்கிக்கொண்டு போனது. கோழிகள் உள்ளே தடதடவென்று ஓடின.

சமையற்கட்டு வாசலில் சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்ன வாத்தியாரே, கோழிக்கு மார்ச் பாஸ்ட்டா?"

"பாரு, இன்னும் ரெண்டு நாள்ல விசிலுக்கு அதுங்களே நடக்கும்."

அப்படியேதான் நடந்தது. விசில் சத்தம் கேட்டதும் கோழிகள் முன்பக்கம் வந்து நின்றன. பூமிநாதன் கயிற்றைத் தோளில் போட்டு, நிமிர்ந்து, முன்னால் பார்த்து நடந்தார்.

செவ்வாய்க்கிழமையும் விசில் ஊதிக்கொண்டே அப்படித்தான் இழுத்தார். புதுப் புல்லுக்கு வந்து கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்.

கூண்டு வந்த வழி முழுவதும் கறுப்பு இறகு கிடந்தது.

கருங்கோழியின் கால் பின்குழாய்க்கு அடியில் இருந்தது. கூண்டு அதை அவ்வளவு தூரமும் இழுத்து வந்திருக்கிறது. மற்ற கோழிகள் புல்லைக் கொத்திக்கொண்டிருந்தன.

கோழியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மங்கையம்மாவிடம் ஓடினார். கால் தனியாகத் தொங்கி ஆடியது.

"கத்தவே இல்லைம்மா. ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பேன்."

மங்கையம்மா கோழியை மடியில் வாங்கிக்கொண்டார். "கத்துச்சு. எனக்கு இங்கே கேட்டுது."

"கேட்டுதா? ஏம்மா, என்னை நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன். விசில் ஊதிக்கிட்டிருந்தீங்க."

அவர் துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்கை உருவி, கோழியின் காலோடு சேர்த்து மஞ்சள் துணியால் சுற்றினார். பூமிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை கயிற்றைக் கையில் எடுத்தார். இழுக்க வரவில்லை. கோழிகள் வழக்கம்போல முன்பக்கம் வந்து நின்று அவரைப் பார்த்தன.

மங்கையம்மா நொண்டிக்கொண்டே வந்தார். பேனரை ஓரமாக விலக்கினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் இறங்கினார்.

"அம்மா! என்ன பண்றீங்க?"

"பேனரை மூடிட்டு இழுங்க."

"குதிகால்ல புண்ணு இருக்கு. பின்குழாய் இடிச்சா என்ன ஆகும்?"

"இழுங்கன்னு சொல்றேன்ல?"

சொர்ணம் கையிலிருந்த கீரைக்கட்டோடு அப்படியே நின்றாள். மொட்டைக் குழந்தைக்குக் கீழே மடத்தின் அம்மா கோழிகளுக்கு நடுவில் குனிந்து நின்றார்.

பூமிநாதன் இந்த முறை முதுகைக் காட்டவில்லை. கூண்டைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். கயிற்றை ஒரு சாண் இழுப்பார், நிறுத்துவார். கட்டுப் போட்ட குதிகால் நகர்ந்ததும் இன்னொரு சாண் இழுப்பார். கண் இமைக்கவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய அந்தக் கால், அதற்குப் பின்னால் வரும் குழாய், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. விசில் நினைவுக்கே வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

புதுப் புல் வந்தது. குழாய் ஒருமுறைகூடக் குதிகாலைத் தொடவில்லை.

"போதும்" என்றார் மங்கையம்மா.

பூமிநாதன் பெருமூச்சு விட்டார். கண் கலங்கியிருந்தது. "கத்துக்கிட்டேம்மா. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் போவேன். பின்னால திரும்பிப் பார்த்துக்கிட்டே போவேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது, இப்ப ஆகாத மாதிரி."

மங்கையம்மா கூண்டிலிருந்து வெளியே வந்தார். முந்தானையை விலக்கினார்.

உள்ளே ஒரு சின்ன விடைக்கோழி இருந்தது. வால் இறகு பாதி பிய்ந்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

பூமிநாதன் ஓரடி பின்வாங்கினார். "இது எங்கே இருந்துச்சு?"

"பின்குழாய்க்கு அடியிலே, அந்த மூலையிலே மாட்டிக்கிச்சு. நான்தான் உருவி எடுத்தேன்."

"நான் கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டுத்தானேம்மா வந்தேன்!"

"பார்த்தீங்க. என் காலைப் பார்த்தீங்க."

பூமிநாதன் கையிலிருந்து கயிறு நழுவியது.

மங்கையம்மா விடைக்கோழியைப் புல்லில் இறக்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை இந்தக் கால் அங்கே வராது, வாத்தியாரே."