அறுபதில் வைத்த ஷட்டர்

உள்ளரங்கில் ஷட்டில் ஆடுகிற பிள்ளையைப் படம் பிடிக்க என்ன அளவு வைக்க வேண்டும்? கோதண்டம் அண்ணாச்சி இந்த ஒரு கேள்வியைத்தான் நாலு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் ரெஜினா டீச்சர் ஞாயிறு காலையில் நடத்தும் கேமரா வகுப்பு அது. டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடப் போட்டிகளைப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவர். அண்ணாச்சிக்கு ஐம்பத்து நாலு, நூல் மில்லில் ஃபிட்டர். நான் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். புதிதாக நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாமென்று போனால், இந்த மனுஷன் பாடத்தை நகரவே விடமாட்டார்.

டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். அரங்குக்குள் வெளிச்சம் கம்மி, பிள்ளைகளின் ஓட்டம் ஜாஸ்தி. லென்ஸை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஷட்டரை ஆயிரத்தில் வையுங்கள், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் அது திறந்து மூடும். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஏற்றுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக விழும், விழட்டும்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு, ஐ.எஸ்.ஓ. நானூறிலும் ஷட்டர் அறுபதிலும் இருந்தால் என்னாகும் என்று ஆரம்பிப்பார். ஆடுகிற பிள்ளை கலங்கிப்போகும் என்பார் டீச்சர். அப்போது எதை மாற்றியிருக்கணும் என்பார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாவது வாரம் டீச்சர் அவருடைய கேமராவை வாங்கிப் பார்த்தார். ஐ.எஸ்.ஓ. பொத்தான்மேல் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டார்.

மில்லில் அதுதான் வழக்கமாம். மெஷினில் ஓர் அளவு சரியாக அமைந்துவிட்டால், அடுத்த ஷிப்டுக்காரன் கை வைக்காமலிருக்க டேப் ஒட்டிவிடுவார்களாம். நானூறைத் தாண்டினால் புள்ளி விழும், படம் கெட்டுப்போகும் என்று கேமரா விற்றவர் சொல்லியிருக்கிறார். மகள் படத்தில் ஒரு புள்ளி விழலாமா? நானூறில் வைத்து ஒட்டிவிட்டார். அரங்கு வெளிச்சத்துக்கு அது போதாமல் ஷட்டர் தானாக அறுபதுக்கு இறங்கியிருக்கிறது.

மகள் பெயர் யாமினி. பதினாலு வயது. மாவட்டப் போட்டிகளில் ஷட்டில் ஆடியவள். போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து, நாலே நாளில் போய்விட்டாள்.

அவர் இதைச் சொன்னபோது குரல் மாறவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு வாரமாக அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேனே.

சட்டைப்பையிலிருந்து மெமரி கார்டை எடுத்து வைத்தார். அவள் ஆடிய படங்கள், மொத்தம் முந்நூறு. டீச்சர் லேப்டாப்பில் போட்டார். வலையின் கண்ணெல்லாம் எண்ணும்படி இருந்தது. ஸ்கோர் பலகை பளிச்சென்று தெரிந்தது. சுவரில் ‘எச்சில் துப்பாதீர்’ என்று எழுதியிருந்ததைக்கூடப் படிக்க முடிந்தது. யாமினி மட்டும் ஒவ்வொன்றிலும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருந்தாள். முகம் ஒன்றில்கூட இல்லை.

வீட்டில் மாலை போட்டிருப்பது பள்ளிக்கூட அடையாள அட்டைப் படமாம். அதில் அவள் அவளாகவே இல்லையாம். ஒரு கடையில் கம்ப்யூட்டரில் முகத்தைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். அம்மாக்காரி அதைப் பார்த்துவிட்டு, இது யார் பிள்ளை என்று கேட்டிருக்கிறாள்.

“வருஷம் திரும்பப்போகுது டீச்சர். அன்னைக்கு எந்த அளவு வச்சிருந்தா எம்புள்ள முகம் கெடச்சிருக்கும்? அத மட்டும் சொல்லிருங்க.”

டீச்சர் முதல் படத்தைத் திறந்து, இதில் என்ன செய்கிறாள் என்று கேட்டார்.

ஸ்மாஷ் அடிக்க எம்புகிறாள் என்றார் அண்ணாச்சி. அடுத்ததில்? பாயிண்ட் போய்விட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்புகிறாள். அதற்கடுத்ததில்? சர்வீஸ் போடுமுன் உள்ளங்கையைச் சட்டையில் துடைக்கிறாள், எப்போதும் ரெண்டு தடவை. எங்களுக்கு வெள்ளையாக ஓர் இழுப்பு தெரிந்த இடத்தில் அவர் காலைச் சொன்னார், ஜடையைச் சொன்னார், எந்த ஊர்ப் போட்டி, யாரோடு ஆடினாள் என்று சொன்னார். ஒரு படத்தில் சிரிக்கிறாள் என்றார். முந்நூறும் முடிய மதியமாகிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

“அளவு சொல்லலியே டீச்சர்” என்றார் அண்ணாச்சி.

“ஷட்டர் ஆயிரம். ஐ.எஸ்.ஓ. ஆறாயிரத்து நானூறு. முகம் விழுந்திருக்கும் அண்ணாச்சி.”

அவர் நோட்டைத் திறந்து ஆயிரம் என்று எழுதினார். டேப் ஒட்டிய பொத்தானைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப என் தப்புதான்.”

இல்லை என்று டீச்சர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு கணக்குப் போடச் சொன்னார். முந்நூறு படம், படத்துக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாம் சேர்த்தால் எவ்வளவு நேரம்?

ஃபிட்டருக்கு அது ஒரு கணக்கா? அரை நொடிகூடத் தேறாது என்றார்.

“அறுபதுல ஒரு பங்குன்னா?”

அண்ணாச்சி எழுதினார். வகுத்தார். சரிதானா என்று இன்னொரு தரம் வகுத்தார். பிறகு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றவேண்டி வந்தது.

“அஞ்சு நொடி.”

டீச்சர் கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

“இதுல அவ அஞ்சு நொடி ஆடிட்டிருக்கா, அண்ணாச்சி.”