குழு நடந்து பார்த்த வழி

மலையடிக் காடு ஒன்றில் குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, குழந்தைகளே. வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். மழை தொடங்கியதிலிருந்து வந்தவை பதினேழு குட்டிகள்தாம்.

ஓடைக்கு இக்கரையில், ஒரு நாவல் மரத்தடியில், பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. தலைவர் யானை. உறுப்பினர்கள் கரடி, மயில், புதிதாகச் சேர்ந்த கீரி. பள்ளி அக்கரையில். கீரியைத் தவிர மற்றவை அந்தப் பக்கம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

"வராதவர்களின் பெயரை அடித்துவிடுவோம். மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் வருகிறவர்கள். வருகை நூற்றுக்கு நூறு!" என்றது கரடி.

"அருமையான யோசனை," என்றது மயில்.

முந்தைய நாள்தான் கீரி, வராத குட்டிகள் வசிக்கும், இக்கரையில் உள்ள முயல் குடியிருப்புக்குப் போய் விசாரித்திருந்தது. "தலைவரே, வழியெல்லாம் முள். ஓடையில் வெள்ளம். பிள்ளைகள் எப்படி வருவார்கள்?"

"எல்லாம் சாக்கு," என்றது யானை. "நாளைக்கே பெயர்களை நீக்கிவிடலாம்."

இருபத்து மூன்று குட்டிகளின் படிப்பு அதோடு போய்விடும். கீரி சற்று யோசித்தது.

"அப்படியே செய்வோம், தலைவரே. ஆனால் இவ்வளவு பெரிய முடிவைப் பள்ளியில் வைத்தல்லவா அறிவிக்க வேண்டும்? முயல் குடியிருப்பிலிருந்து ஊர்வலமாகப் போனால் பெற்றோரும் பார்ப்பார்கள்."

ஊர்வலம் என்றதும் யானையின் காதுகள் விரிந்தன.

மறுநாள் காலை நான்கும் புறப்பட்டன. பாதி வழியில் கரடியின் பாதத்தில் முள் ஏறியது. "இன்று எனக்கு உடம்பு சரியில்லை," என்று அது திரும்பிவிட்டது. ஓடையைப் பார்த்த மயில், "தோகை நனைந்தால் சளி பிடிக்கும்," என்று கரையிலேயே நின்றுவிட்டது. கீரியை முதுகில் ஏற்றிக்கொண்டு, வழுக்கி வழுக்கி யானை பள்ளியை அடைந்தபோது மூன்றாவது மணி அடித்திருந்தது.

கீரி பணிவாகக் கேட்டது: "குழுவில் நான்கு பேர். வந்தவர்கள் இருவர், அதுவும் தாமதமாக. வராதவர்களின் பெயரை அடித்துவிடலாமா, தலைவரே?"

யானை தன் சேற்றுக் கால்களைப் பார்த்தது. "அவர்கள்மேல் தவறில்லை. வழி சரியில்லை."

"பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள்," என்றது கீரி.

அன்று மதியமே யானை, விழுந்து கிடந்த ஒரு மருத மரத்தை இழுத்துவந்து ஓடையின் குறுக்கே போட்டது. கரடி நொண்டிக்கொண்டே முட்செடிகளைப் பிடுங்கி வழி செய்தது. மயில் தினமும் காலையில் அகவி, முயல் குட்டிகளைப் பாலம் வரை கூட்டிவந்தது.

அடுத்த வாரம் முப்பத்தெட்டுக் குட்டிகள் வந்தன. மற்ற இரண்டுக்கும் காய்ச்சல். அன்று சாயங்காலம் குழு முழுவதும் அவற்றைப் பார்க்கப் போனது.

நீதி: பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையென்றால், பள்ளியை நடத்துபவர்கள் முதலில் அவர்கள் வரும் வழியில் நடந்து பார்க்க வேண்டும்.