பள்ளத்தில் ஒரு வீடு

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் இரண்டே பேர். பூங்கோதை ஆசிரியை, செபஸ்தியான் மாணவர். மாணவர் வயதில் மூத்தவர் என்பதால் அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார்.

மனைவி இறந்த பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். செயற்கைக்கோள் தரும் உயர அளவுகளை வைத்து நிலத்தின் மேடு பள்ளங்களைக் கணினியில் வரைய வேண்டும். மழைநீர் எந்த வழியாக இறங்கி ஆற்றில் சேரும் என்று கோடு போட வேண்டும். வெள்ள எச்சரிக்கை எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவாகும். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் செய்யலாம் என்பதால் செபஸ்தியானுக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் வரைபடம் முடிந்துவிட்டது என்று காட்டினார். எல்லா ஓடைகளும் தடையில்லாமல் ஆற்றுக்குப் போயின.

பூங்கோதை ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

"இங்க என்ன செஞ்சீங்க, சார்?"

குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம், நாலு பக்கமும் மேடு, கோடு அதற்குள் இறங்கி நின்றுவிட்டது, அதனால் கணினியில் அதை விளிம்புவரை நிரப்பிவிட்டேன் என்றார். இப்படிப்பட்ட பள்ளங்கள் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைதான், எல்லோரும் நிரப்பத்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

அவள் மறுக்கவில்லை. ஜீப் சாவியை எடுத்துக்கொண்டாள்.

இருவரும் போய்ப் பார்த்தபோது பள்ளம் நிஜமாகவே அங்கே இருந்தது. அடியில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அதில் வேடியம்மாள் என்ற பெண் தனியாக இருந்தாள். மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக மேட்டுக்குப் போய்விட்டன. மேட்டில் அவளுக்கு இடம் இல்லை.

போன மழைக்கு ஆற்றோர ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தகவல் போயிருக்கிறது. பிறகு படகும் போயிருக்கிறது. பழைய வரைபடத்திலும் இந்தப் பள்ளம் இல்லாததால், இங்கே தண்ணீர் நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கத்திப் பார்த்தாள், யாரும் வரவில்லை. ஆடுகள் எல்லாம் போய்விட்டன. இதையெல்லாம் யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

அவர்கள் எழுந்தபோது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

செபஸ்தியான் மறுபடி உட்கார்ந்தார்.   பக்கத்தில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டு அவருக்கு வெகுநாளாகியிருந்தது.

கடைசியில் அவள் கேட்டாள்.

"வானத்துலேருந்து பாத்தா இந்த வீடு தெரியுங்களா, ஐயா?"

"தெரியும்மா."

அது பொய்யில்லை. படத்தில் கூரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. வரைபடத்தில் அதை மூடி மண்ணை ஏற்றியது தான்தான் என்று அவர் சொல்லவில்லை.

 விளிம்புக்கு ஏறி வந்ததும் செபஸ்தியான் நின்றார்.

"பள்ளத்தை அப்படியே விட்டா கோடு அறுந்துபோகும், மேடம். பாக்கிறவங்க வரைபடமே தப்புன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும், சார். என்ன தப்புன்னு பாக்கவாவது யாராவது இங்க வருவாங்க."